வெட்டும் இடம் அறிந்த நொதியங்கள்

தேயிலை நாற்றுமேடையில் பொலித்தீன் பைகளில் வரிசையாக நிற்கும் இளம் செடிகளைப் பார்த்து, இது ரி.ஆர்.ஐ. 2025, அது வேறு இனம் என்று அடித்துச் சொல்லப் பழுத்த அனுபவம் வேண்டும். வளர்ந்த செடியிலாவது இலையின் நிறம், கொழுந்தின் மென்மயிர், கிளைவிடும் விதம் என்று சில அடையாளங்கள் தெரியும். ஆறு மாதச் செடியில் அவை தெளிவாக வெளிப்படுவதில்லை. பெயர்ச்சீட்டு மாறிப்போன செடியை மலையில் நட்டுவிட்டால், பிழை தெரிய வரும்போது ஆண்டுகள் கழிந்திருக்கும். தேயிலை ஒரு போகத்துப் பயிரல்ல. நட்டவரின் பிள்ளைகளும் அதே செடியில் கொழுந்து பறிப்பார்கள். ஆகவே செடி எந்த இனம் என்பதைக் கண்ணை நம்பாமல் தீர்மானிக்க ஒரு வழி வேண்டும். அந்த வழி டி.என்.ஏ.யில் இருக்கிறது.

பழைய விதைத் தேயிலை மலையில் ஒவ்வொரு செடியும் தனிப் பிறவி. தேயிலை பெரும்பாலும் அயல் மகரந்தச் சேர்க்கையால் விதை பிடிப்பதால், பக்கத்துப் பக்கத்துச் செடிகள்கூட ஒன்றுபோல் இரா. விதையின்றித் தண்டிலிருந்து வளர்க்கும் வி.பி. தேயிலை அப்படியல்ல. ஒரு தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும் சிறு தண்டுத் துண்டுமாக வெட்டிப் பதியம் வைத்து எடுக்கப்படுவதால், ஓர் இனத்தின் இலட்சக்கணக்கான செடிகளும் ஒரே டி.என்.ஏ.யைச் சுமக்கின்றன. சோதித்து ஒப்பிட இதைவிட வசதியான நிலைமை கிடைக்காது. சிக்கல் அளவில்தான். தேயிலையின் டி.என்.ஏ. ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது. அத்தனை எழுத்துகளையும் வாசிக்கும் இயந்திரங்கள் வருவதற்கு முன்பே, அதில் வேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்க்க அறிவியலுக்கு ஒரு கருவி கிடைத்திருந்தது. மட்டுப்படுத்தும் நொதியங்கள் என்று உயர்தர உயிரியலில் நாம் கற்பிக்கும் புரதங்களே அவை.

இவற்றை 'டி.என்.ஏ.யை வெட்டும் நொதியங்கள்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு மாணவர்கள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த வரி உண்மைதான், ஆனால் சாரம் அதில் இல்லை. டி.என்.ஏ.யை வெட்டுவது அரிய திறமையே அல்ல. நம் கணையம்கூட டி.என்.ஏ.யை வெட்டும் நொதியத்தைச் சுரக்கிறது. உணவோடு உள்ளே போகும் டி.என்.ஏ.யை அது பெரிதாக இடம் பார்க்காமல் துண்டாடிவிடும். மட்டுப்படுத்தும் நொதியத்தின் மேன்மை அது வெட்டாமல் விடும் இடங்களில் இருக்கிறது. கோடிக்கணக்கான எழுத்துகளைக் கடந்து போய், தனக்குரிய நான்கு முதல் எட்டு எழுத்து வரையான தொடர் வந்த இடத்தில் மட்டுமே அது கை வைக்கும். இதன் பயன்கள் ஒவ்வொன்றும் இந்த ஒரு குணத்திலிருந்தே பிறக்கின்றன.

டி.என்.ஏ.யின் எழுத்துகள் நான்கு: ஏ, ரி, ஜி, சி. இரண்டு இழைகள் முறுக்கிக்கொண்டு இருக்க, ஓர் இழையின் ஏ எதிர் இழையின் ரியுடனும், ஜி எதிர் இழையின் சியுடனும் சேரும். ஈகோலை என்ற குடல் பற்றீரியாவின் ஒரு வகையிலிருந்து எடுக்கப்பட்ட ஈகோஆர்1 என்னும் நொதியம் தேடும் தொடர் இது:

மேல் இழை: ஜி ஏ ஏ ரி ரி சி
கீழ் இழை: சி ரி ரி ஏ ஏ ஜி

டி.என்.ஏ.யின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. ஆகையால் மேல் இழையை இடமிருந்து வலமாக வாசித்தால், கீழ் இழையை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். வாசித்துப் பாருங்கள். இரண்டிலும் அதே ஜி-ஏ-ஏ-ரி-ரி-சி வரும். இந்த இடத்தில்தான் வகுப்பில் பலர் தடுமாறுகிறார்கள். 'விகடகவி' போலத் திருப்பிப் படித்தாலும் ஒன்றாக வரும் தொடர் என்று எண்ணி, ஜி-ஏ-ஏ-ஜி என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை. விகடகவி ஒரே வரியில் முன்னும் பின்னும் ஒன்றாக வருவது. இங்கே ஒற்றுமை இரண்டு இழைகளுக்கு இடையில் இருக்கிறது. ஜி-ஏ-ஏ-ஜியின் எதிர் இழையை உரிய திசையில் வாசித்தால் சி-ரி-ரி-சி என்று வேறொன்று கிடைக்கும்.

இந்தச் சமச்சீர் வெறும் அழகுக்காக அமைந்ததல்ல. ஈகோஆர்1 ஒரே மாதிரியான இரு புரதப் பாதிகள் சேர்ந்து இயங்கும் நொதியம். ஒரு பாதி ஓர் இழையைப் பார்க்கிறது, மறுபாதி மற்றதைப் பார்க்கிறது. இரு பாதிகளும் ஒன்றே என்பதால், இரு இழைகளிலும் அவை காண வேண்டியதும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

நொதியம் முதலில் டி.என்.ஏ.யின் ஏதோ ஓரிடத்தில் தளர்வாக ஒட்டிக்கொள்கிறது. பிறகு இழை நெடுகச் சறுக்கிக்கொண்டே போகிறது. முறுக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. இரட்டை இழையின் வெளிப்புறத்தில் ஓடும் அகன்ற பள்ளத்தில், ஒவ்வொரு எழுத்துச் சோடியின் விளிம்பிலும் ஐதரசன் பிணைப்புக்கு இடம் தரும் அணுக்கள் வெவ்வேறு ஒழுங்கில் தெரியும். ஆறு எழுத்துகளும் சரியாக அமைந்த இடத்தில் நொதியத்தின் அமினோ அமிலங்கள் அவற்றோடு ஒவ்வொன்றாகப் பொருந்துகின்றன, டி.என்.ஏ. சற்றே வளைந்து கொடுக்கிறது. நொதியம் இறுகப் பற்றுகிறது. ஓர் எழுத்து பிசகினாலும் இந்த இறுக்கம் வாய்ப்பதில்லை. நொதியம் மேலே நகர்ந்துவிடும். இறுகிய பிறகே மக்னீசியம் அயனின் துணையோடு ஜிக்கும் முதல் ஏக்கும் நடுவேயுள்ள பொசுபேற்றுப் பிணைப்பு நீரால் அறுக்கப்படுகிறது. மக்னீசியம் இல்லாத கரைசலில் நொதியம் சரியான இடத்தைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொண்டு நிற்கும், ஆனால் அறுக்காது. அடையாளம் காண்பதும் அறுப்பதும் இரு வேறு வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரு இழைகளிலும் ஜியை அடுத்து அறுபடுவதால் வெட்டு நேராக விழுவதில்லை. ஒவ்வொரு முனையிலும் ஏ-ஏ-ரி-ரி என்ற நான்கு எழுத்துகள் ஒற்றை இழையாக நீட்டிக்கொண்டு நிற்கும். அதே நொதியம் வெட்டிய வேறெந்த முனையோடும் அவை பொருந்தும். இதனை ஒட்டும் முனை என்கிறோம். எல்லா நொதியங்களும் இப்படி வெட்டுவதில்லை. நட்டநடுவில் நேராக வெட்டி மொட்டை முனை விடுபவையும் உண்டு.

பற்றீரியாவுக்கு இது எதற்கு? தற்காப்புக்கு. பற்றீரியாக்களையும் வைரசுகள் தாக்குகின்றன; தம் டி.என்.ஏ.யை உள்ளே செலுத்தி, சில பத்து நிமிடங்களில் நூறு வைரசுகளாகப் பெருகி வெடித்து வெளியேறுகின்றன. 1952இலும் 1953இலும் சல்வடோர் லூரியா, மேரி ஹியூமன், ஜுசெப்பே பெர்ட்டானி, ஜோன் வைகிள் ஆகியோர் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். ஒரு பற்றீரியா வகையில் நன்றாகப் பெருகிய வைரசு, இன்னொரு வகையில் ஏறத்தாழ முற்றாக மட்டுப்பட்டுப் போனது. தப்பிப் பிழைத்த மிகச் சிலவோ, அந்தப் புதிய வகையில் அதன் பின் தடையின்றிப் பெருகின. இது மரபணு மாற்றம் அல்ல, ஏனென்றால் பழைய பற்றீரியாவில் ஒருமுறை வளர்த்து எடுத்தாலே அந்தத் திறன் போய்விட்டது. வைரசின் எழுத்துகள் மாறவில்லை. ஆனால் எதுவோ ஒன்று அதன்மீது பதிந்து, பின்னர் அழிந்தும் போகிறது. 1960களில் ஜெனீவாவில் வேர்னர் ஆர்பர், டெய்சி டுசுவா ஆகியோரின் ஆய்வுகள் அந்தப் பதிவு டி.என்.ஏ.யிலேயே இருப்பதைக் காட்டின. பற்றீரியா தன் டி.என்.ஏ.யில் குறிப்பிட்ட தொடர்களில் மெதைல் கூட்டம் என்ற சிறு அணுத் தொகுதியைச் சேர்த்து முத்திரை இடுகிறது. முத்திரை இல்லாத அந்நிய டி.என்.ஏ.யை நொதியம் வெட்டிவிடுகிறது. வெட்டுக்கு முந்தி முத்திரை விழுந்துவிட்ட அபூர்வமான வைரசுகளே தப்பிப் பெருகியவை.

இதில் நுட்பமான ஓர் இடம் உண்டு. பாடநூல்கள் இதைத் தாண்டிப் போய்விடுவது எனக்கு வருத்தமே. பற்றீரியா பிரியும்போது அதன் டி.என்.ஏ. இரட்டிக்கிறது. புதிதாக உருவான இழையில் முத்திரை இல்லை. அப்படியானால் நொதியம் தன் எசமானையே வெட்டிவிடாதா? வெட்டுவதில்லை. ஒவ்வொரு புதிய இரட்டையிலும் ஓர் இழை பழையது, முத்திரை உள்ளது. தொடர் இரு இழைகளிலும் ஒன்றே என்பதால் இரு இழைகளிலும் முத்திரை இருந்திருக்கும். எனவே எந்தப் பழைய இழை எந்தப் பிள்ளைக்குப் போனாலும் ஒரு முத்திரை கூடவே போகிறது. அந்த ஒன்றே வெட்டைத் தடுக்கப் போதும். அதற்குள் முத்திரை இடும் நொதியம் வந்து புதிய இழையிலும் பதித்துவிடுகிறது. சமச்சீர்த் தொடரின் பயன் இங்கே இரண்டாம் முறை வெளிப்படுகிறது.

1968இல் முதலில் பிரித்தெடுக்கப்பட்ட இவ்வகை நொதியங்கள் ஆய்வுகூடத்துக்குப் பயன்படவில்லை. தொடரைச் சரியாக அடையாளம் கண்டாலும், அவை வெட்டியது பல நூறு, ஆயிரம் எழுத்துகளுக்கு அப்பால், நிலையற்ற இடத்தில். திருப்பம் 1970இல் வந்தது. அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹமில்ற்றன் சிமித்தும் கென்ட் வில்கொக்சும் ஹீமோபிலசு என்ற பற்றீரியாவின் சாற்றை இரண்டு டி.என்.ஏ. கரைசல்களில் சேர்த்துப் பார்த்தார்கள். நீண்ட டி.என்.ஏ. உள்ள கரைசல் பாகுபோல் தடித்து மெதுவாக வடியும். துண்டானால் நீர்த்துப்போய் வேகமாக வடியும். வைரசின் டி.என்.ஏ. இருந்த கரைசல் நீர்த்துக்கொண்டே போனது. ஹீமோபிலசின் சொந்த டி.என்.ஏ. இருந்தது தடித்தபடியே நின்றது. தன்னதையும் பிறனதையும் பிரித்தறியும் நொதியம் அந்தச் சாற்றில் இருக்கிறது என்பதை வடியும் வேகமே சொல்லிவிட்டது. ஹிண்ட்2 என்று இன்று அழைக்கப்படும் அந்த நொதியம், தான் அடையாளம் கண்ட தொடருக்குள்ளேயே வெட்டியது. அதே பல்கலைக்கழகத்தில் டேனியல் நாதன்சும் கத்லீன் டானாவும் 1971இல் அதைக்கொண்டு எஸ்.வி.40 என்ற குரங்கு வைரசின் டி.என்.ஏ.யை 11 துண்டுகளாக்கி, துண்டுகளை நீளப்படி பிரிக்கும் கூழ்ப் படலமான ஜெல்லில் பிரித்துக் காட்டினார்கள். எத்தனை முறை செய்தாலும் அதே 11 துண்டுகள். டி.என்.ஏ.க்கு வரைபடம் வரைய முடியும் என்று உலகம் உணர்ந்தது அப்போதுதான். 1978இல் ஆர்பர், நாதன்சு, சிமித் மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆறு எழுத்துத் தொடர் ஒன்று தற்செயலாக எத்தனை எழுத்துகளுக்கு ஒருமுறை வரும்? நான்கை ஆறு முறை பெருக்கினால் 4,096. நான்கெழுத்துத் தொடரானால் 256, எட்டெழுத்தானால் 65,536. வேண்டிய நீளத்துக்கு ஏற்ப நொதியத்தைத் தேர்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் உயிரின் எழுத்துகள் கணக்குக்கு அப்படியே கட்டுப்படுவதில்லை. 48,502 எழுத்துகள் கொண்ட இலம்டா வைரசில் ஈகோஆர்1க்குரிய இடம் 12 முறையளவில் வர வேண்டும், இருப்பது 5. ஈகோலையைத் தாக்கும் ரி7 வைரசின் 39,937 எழுத்துகளில் அது ஒன்றுகூட இல்லை. எதிரியின் நொதியம் தேடும் தொடர்களைத் தம்மிடமிருந்து களைந்துவிட்ட வைரசுகளே பிழைத்து வந்தன என்று ஆய்வாளர்கள் இதற்குக் காரணம் காண்கிறார்கள்.

வெட்டத் தெரிந்ததும் ஒட்டும் வேலை தொடங்கியது. 1972இல் போல் பேர்க்கின் ஆய்வுகூடம் இரு வேறு மூலங்களின் டி.என்.ஏ.யை இணைத்தது. 1973இல் ஸ்டான்லி கோகனும் ஹேர்பட் பொயரும் ஈகோஆர்1இன் ஒட்டும் முனைகளைப் பயன்படுத்தி இணைத்த டி.என்.ஏ.யை ஈகோலைக்குள் செலுத்தி, அங்கே பெருகவும் வைத்தார்கள். முனைகளை நிரந்தரமாக இணைப்பது லிகேசு என்ற இன்னொரு நொதியம். இந்த வழியில் பற்றீரியாவில் உற்பத்தியான மனித இன்சுலின் 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன்பு மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இன்சுலின் எடுக்கப்பட்டது. இன்று மலையக மருத்துவமனைகளின் நீரிழிவு கிளினிக்கில் மாலையாகுமுன் வீடு திரும்பும் அவசரத்தோடு வரிசையில் நிற்பவர் வாங்கிப்போகும் மனித இன்சுலினுக்கும், தோட்டத்துக் குழந்தைக்கு இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்களில் போடப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் அடங்கிய ஹெபடைட்டிஸ் பி பகுதிக்கும் மூலம் இந்த வெட்டி ஒட்டும் கலையே.

நோயைக் கண்டறிவதில் இந்த நொதியங்கள் காட்டிய துல்லியத்துக்கு அரிவாள் உயிரணு நோயை எடுத்துக்கொள்ளலாம். 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கண்டறியப்பட்டதிலிருந்து தமிழ் நிலத்துக்கும் தெரிந்த நோய் இது. குருதிச் சிவப்பணுப் புரதத்தின் மரபணுவில் ஜி-ஏ-ஜி என்றிருக்க வேண்டிய இடத்தில் ஜி-ரி-ஜி என்று ஓரெழுத்து மாறிவிடுகிறது. இயல்பான மரபணுவில் அந்த இடம் சி-சி-ரி-ஜி-ஏ-ஜி-ஜி என்றிருக்கும். அதை எம்எஸ்ரி2 என்ற நொதியம் வெட்டும். ஏ மாறி ரி ஆனதும் அந்த இடம் அதற்கு அந்நியமாகிவிடும். 1,150 எழுத்தளவில் வர வேண்டிய துண்டு, வெட்டப்படாமல் 1,350 எழுத்தளவில் வந்து நிற்கும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் நோய் மரபணுவைப் பெற்றவருக்கு இரண்டு துண்டுகளும் தெரியும். ஓரெழுத்துப் பிழையை ஜெல்லில் கண்ணால் பார்க்கக்கூடிய நீள வேறுபாடாக மாற்றித் தருகிறது இந்த நொதியம்.

தேயிலைக்கும் அதே வழிதான். 300 கோடி எழுத்துகளையும் ஆறெழுத்து நொதியம் ஒன்றால் வெட்டினால் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைக்கும். ஜெல்லில் அது ஒரு நீண்ட தீற்றலாகத் தெரியுமே தவிர, எந்தச் செய்தியும் சொல்லாது. ஆகவே 1975இல் எட்வின் சதேர்ன் கண்ட முறையில், வேண்டிய மரபணுவோடு மட்டும் சேரும் டி.என்.ஏ. துண்டை அடையாளமாக விட்டுத் தேடினார்கள். 1994இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பி.ஏ.எல். என்ற மரபணுவை இப்படித் தேடித் தேயிலை இனங்களை வகைப்படுத்தினார்கள். கொவிட் காலத்தில் எல்லோருக்கும் பழகிவிட்ட பி.சி.ஆர். முறை இதை மேலும் இலகுவாக்கியது. வேண்டிய மரபணுவை மட்டும் பெருக்கி, நொதியத்தால் வெட்டி, ஜெல்லில் ஓடவிட்டால் போதும். 2003இல் வெளியான ஆய்வொன்று பி.ஏ.எல். உள்ளிட்ட மூன்று மரபணுக்களை இவ்வாறு வெட்டி, அசாம் வகையையும் சீன வகையையும் வேறுபடுத்திக் காட்டியது. ஒரு மரபணுவும் ஒரு நொதியமும் மட்டும் இனத்தை நிறுவிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு செடிகளின் துண்டுகள் வேறுபட்டால் அவை வேறு இனம் என்பது உறுதி. ஒன்றாக வந்தால், இன்னும் பல இடங்களைச் சோதித்த பிறகே ஒரே இனம் என்று சொல்லத் துணியலாம்.

உருளைக்கிழங்கு பயிரிடுவோருக்கு இன்னோர் உதாரணம் நெருக்கமாக இருக்கும். கிழங்கின் வேரில் சிறு முத்துகளாகத் தொற்றும் சிறைப்புழுவில் மிக நெருங்கிய இரண்டு இனங்கள் உண்டு. நுண்ணோக்கியில் பார்த்துப் பிரிக்கவே பழகிய கண் வேண்டும். எச்1 என்ற எதிர்ப்பு மரபணு உள்ள கிழங்கு வகை ஓரினத்தைத் தாங்கி நிற்கும், மற்றதிடம் தோற்றுவிடும். எந்தப் புழு என்று தெரியாமல் விதைக்கிழங்கு வாங்குவது பணத்தை மண்ணில் புதைப்பதற்குச் சமம். புழுவின் டி.என்.ஏ.யில் ஒரு பகுதியைப் பெருக்கி வெட்டினால், இரண்டு இனங்களும் வெவ்வேறு நீளத் துண்டுகளைத் தரும்.

நொதியங்களின் ஒழுக்கம் சூழ்நிலையைப் பொறுத்தது. ஈகோஆர்1 பிறந்த இடம் குடல் பற்றீரியா. ஆகையால் அது 37 பாகை செல்சியசில் நன்றாக வேலை செய்யும். நுவரெலியாவின் குளிரில் மேசைமேல் வைத்தால் சோம்பிக் கிடக்கும். வெந்நீர்த் தொட்டி வேண்டும். வெந்நீர் ஊற்றில் வாழும் பற்றீரியாவிலிருந்து வந்த டாக்1 என்ற நொதியமோ 65 பாகையைக் கேட்கும். சேமிக்கும்போது இவற்றைக் கிளிசரோல் கலந்து மறை 20 பாகையில் வைக்கிறார்கள். அந்தக் கிளிசரோல் சோதனைக் கலவையில் மிகுந்துவிட்டாலோ, உப்பின் அளவு பிசகினாலோ, நொதியம் தன் தொடரை ஒத்த வேறு தொடர்களையும் வெட்டத் தொடங்கிவிடும். அடையாளம் காணும் திறன் தளர்ந்தால் மட்டுப்படுத்தும் நொதியமும் சாதாரண வெட்டியாகிவிடும்.

தடயவியலில் இந்த நொதியங்களின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. 1984இல் அலெக் ஜெப்ரிஸ் கண்ட டி.என்.ஏ. கைரேகை முறை இவற்றை நம்பியிருந்தது. இன்றைய தடயவியல், சில எழுத்துகளே அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும் சிறு மீள்தொடர்களின் நீளத்தைப் பி.சி.ஆர். மூலம் நேரடியாக அளக்கிறது. பரீட்சை விடைகளில் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது. மரபணு இணைப்பில் இவற்றின் தேவை குறையவில்லை. தொடரை அடையாளம் கண்டு சற்றே அப்பால் வெட்டும் பிஎஸ்ஏ1 போன்றவற்றால், பல துண்டுகளை வேண்டிய வரிசையில் ஒரே குழாயில் கோத்துவிட முடிகிறது. பெரிய மரபணுத் தொகுதி கொண்ட பயிர்களில் முழுவதையும் வாசிக்காமல், நொதியம் வெட்டிய இடங்களின் அருகே மட்டும் வாசித்து நூற்றுக்கணக்கான செடிகளை ஒப்பிடும் முறையும் பரவியிருக்கிறது. வாசிக்கும் இயந்திரம் வந்த பிறகும், எங்கே வாசிப்பது என்பதைப் பல ஆய்வுகளில் இந்த நொதியங்களே தீர்மானிக்கின்றன.

மறை 20 பாகைக் குளிர்ப்பெட்டியும் ஜெல் ஓட்டும் கருவியும் தோட்டப்புறப் பாடசாலைகளுக்கு இப்போதைக்கு எட்டாதவை. அதனால் இந்தப் பாடத்தை மனப்பாடத்துக்கு விட்டுவிட வேண்டியதில்லை. நீளமான காகிதப் பட்டையில் அறுபது எழுத்துகளை இரண்டு இழைகளாக எழுதி, நடுவே இரண்டு இடங்களில் ஜி-ஏ-ஏ-ரி-ரி-சியை மறைத்து வையுங்கள். அதை ஒத்த, ஓரெழுத்து மட்டும் பிசகிய தொடர் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். மாணவர் ஒருவர் மேல் இழையையும் மற்றவர் கீழ் இழையையும் எதிர்த்திசையில் வாசிக்கட்டும். இருவரும் ஒரே இடத்தில் 'இருக்கிறது' என்று சொன்னால் மட்டும் கத்தரியை எடுக்கட்டும். வெட்டிய துண்டுகளை நீள வரிசையில் மேசையில் அடுக்கினால் ஜெல் தயார். அடுத்த சுற்றில் ஓரிடத்தின் நடு ஏயின் மேல் சிவப்புப் புள்ளி வைத்து, அங்கே வெட்டக் கூடாது என்று சொல்லுங்கள்; துண்டுகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறையும். ஏன் குறைந்தது என்று மாணவர்களே சொல்லட்டும்.